உருண்டை உரித்த முட்டை

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே எப்போதும் ஒரு வரிசை நிற்கும். உள்ளே இரண்டு மேசைகள், ஊசியோடு இரண்டு பேர். ஆனால் வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர், பரவாயில்லை, நாங்கள் அந்தப் பக்கமே வருகிறோம் என்று சொல்லி ஒரே மேசைக்காகக் காத்திருப்பார்கள். அந்த மேசைக்காரிக்கு மின்னல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நோயாளிகள் வைத்தது. கையை இரண்டு தட்டுத் தட்டுவாள், விரல் நுனியால் ஒரு தடவு தடவுவாள், கண்ணை மூடித் திறப்பதற்குள் குழாய் நிரம்பியிருக்கும். எப்போது குத்தப் போகிறீர்கள் என்று, எல்லாம் முடிந்த பிறகு கேட்டவர்கள் உண்டு.

வீட்டிலும் அவள் கை அப்படித்தான். காலை ஏழரைக்குள் சமைத்து, துலக்கி, மடித்து, மகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி முடித்துவிடுவாள். மகளுக்கு இரண்டே முக்கால் வயது. பிறந்தபோது கன்னமும் வயிறும் தவிர வேறெதுவும் கண்ணில் படாததால் உருண்டை என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. உருண்டை கையைத் தூக்கினால் போதும், சட்டை தானாக ஏறிக்கொள்ளும். வாயைத் திறந்தால் போதும், கவளம் வந்து விழும். பகலில் மின்னலின் தங்கை பார்த்துக்கொண்டாள். சித்திக்குக் குழந்தைமேல் உயிர். தரையில் இறக்கிவிட மனசு வராது. அழுதால் செல்போனைக் கொடுப்பாள், அழப்போகிறாள் என்று தோன்றினாலும் கொடுப்பாள்.

இப்படி மகாராணியாக வளர்ந்த உருண்டைக்கு அந்த வயதிலும் சொந்தமாக ஐந்து சொற்கள்தான். அதில் ஒன்று இருமலா சொல்லா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. மின்னல் பயந்துபோய் அவளைக் குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் காதைச் சோதித்தார், நன்றாகக் கேட்கிறது என்றார். பிறகு மேசைமேல் மரக்கட்டைகளைப் பரப்பி அடுக்கச் சொன்னார். உருண்டை இரண்டை வைத்தாள். மூன்றாவது கட்டை வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அந்தக் கட்டைமேல் வைத்துவிட்டு, வேலை முடிந்ததுபோல டாக்டரைப் பார்த்தாள். ஈர மணல் தட்டை நீட்டினால் விரல்களை மடக்கிக்கொண்டு வீறிட்டாள். டாக்டர் மணல் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, "இந்தக் கைக்கு வேலை குடுங்கம்மா. பெருசா ஒண்ணும் வேணாம், வீட்ல நடக்குற வேலையே போதும். பேச்சுக்கு என்ன பண்ணலாம்னு மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார்.

மின்னல் அதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்றால், திரும்பும் வழியிலேயே கடைக்குப் போய், குழந்தைகளின் அறிவை வளர்க்கும் என்று போட்டிருந்த ஒரு பெரிய பெட்டியை வாங்கி வந்தாள். பொத்தானை அமுக்கினால் அது பாடும், மின்னும், மாடு மாதிரிக் கத்தும். உருண்டை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிதான் எல்லா வேலையும் பார்த்தது.

அந்த வாரத்தில்தான் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. தங்கைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து அவள் கிளம்பிப் போனாள். அவள் போன நான்காம் நாள் மின்னலின் கணவர் காலை உடைத்துக்கொண்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியைப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறும்போது கடைசிப் படியில் வழுக்கி உள்ளே விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஒன்பது மாடிக்குப் போய்வருகிறவன் ஆறடிப் பள்ளத்தில் விழுந்தேன் என்று, தொடைவரை மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு அவரே சொல்லிச் சிரித்தார். மின்னலுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நடக்க முடியாதவரும் கீழே நிற்கப் பழகாதவளும் ஒரு வீட்டில் பகல் முழுக்க இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. லீவு இருந்தவரை எடுத்தாள். பிறகு வேறு வழியில்லாமல், எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

முதல் நாள் பகல் நடந்ததை லிஃப்ட்காரரே சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். கையுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்தார். தாகம். தண்ணீர் பாட்டில் சமையலறையில். ஊன்றுகோலை எடுத்து, எழுந்து, போய்த் திரும்புவதற்குள் இன்னொரு எலும்பும் போய்விடும். "உருண்டை, அப்பாவுக்குத் தண்ணி பாட்டில் எடுத்துட்டு வாடா கண்ணு" என்றார். உருண்டை போனாள். வந்தபோது கையில் ஒரு செருப்பு இருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்து, நன்றி சொல்லிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தண்ணி, பாட்டில் என்று மறுபடி சொன்னார். இரண்டாம் தடவை பாத்திர மூடி வந்தது. மூன்றாம் தடவை வெகுநேரம் ஆளையே காணவில்லை. பிறகு கதவு மூலையில் ஒரு மூச்சிரைப்பு கேட்டது. பாட்டிலை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, நிறைகுடம் சுமக்கிறவள்போல அடிமேல் அடி வைத்து வந்தாள். அவர் அதை வாங்கிக் குடித்த குடியில் பாதி சட்டையில் போனதாம். "நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் என் தொண்டையவே பாத்துட்டு நின்னா" என்றார்.

அன்றிலிருந்து உருண்டை அவருக்குக் கால் ஆனாள். எண்ணி எட்டு நாளில் வீடே இடம் மாறியது. மின்னல் மாலையில் வந்து பார்த்தால், மேல் தட்டிலிருந்த தட்டுகளும் டம்ளர்களும் கீழ்த் தட்டுக்கு வந்திருக்கும். தையல்காரம்மாவின் உதவியோடு நடந்த வேலை அது. சுவரில் முழங்கால் உயரத்தில் ஓர் ஆணி அடித்து ஈரத்துணி தொங்கவிட்டிருக்கும். மின்னல் தட்டுகளை மேலே ஏற்றுவாள். மறுநாள் மாலை அவை கீழே இருக்கும். ஒரு வாரம் இருவரும் வாயே திறக்காமல் நடத்திய இந்தச் சண்டையில் கடைசியில் மின்னலுக்குத்தான் கை வலித்தது, விட்டுவிட்டாள்.

பட்டாணி உரிப்பது, துவைத்த துணியில் காலுறைகளுக்கு ஜோடி தேடுவது, தன் உயரத்துக்குக் கட்டிய கொடிக்கயிற்றில் துணி கிளிப்பை அமுக்கி மாட்டுவது, கொட்டிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி வாளியில் பிழிவது என்று நாள் முழுக்க ஏதாவது நடந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் தன் கருவிப் பையிலிருந்து பெரிய பெரிய போல்ட்டுகளையும் அவற்றுக்கான நட்டுகளையும் தட்டில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் அவர் தன் வாயிலேயே போட்டுப் பார்த்து, தொண்டைக்குள் போகாது என்று உறுதி செய்துகொண்டதாகத் தையல்காரம்மா சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். ரொட்டிக்கு மாவு பிசையும்போதுதான் பெரிய பாடு. ஈரமாகக் கையில் ஒட்டுகிற எதைத் தொட்டாலும் அலறுகிறவள் ஆயிற்றே. முதல் நாள் ஒரு விரல் நுனியால் குத்திவிட்டு ஓடினாள். அடுத்த நாள் இரண்டு விரல். அப்பா தொடு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லையாம், தன் பாட்டுக்குப் பிசைந்துகொண்டிருந்தாராம். ஐந்தாம் நாள் மாலை மின்னல் கதவைத் திறந்தபோது, உருண்டை முழங்கைவரை மாவோடு வந்து சீருடையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

பேச்சு வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. ஊத்து, புழி, போதும், கொட்டிச்சு. கொட்டிச்சு என்பதைத்தான் அதிகம் சொல்லவேண்டி வந்தது. ஒருநாள் காலை மின்னல் வழக்கம்போலச் சட்டையைத் தலைவழியே மாட்டப் போனாள். உருண்டை அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு, "நானே" என்றாள்.

மின்னலுக்கு ஒரே நேரத்தில் அழுகையும் எரிச்சலும் வந்தன. பஸ்ஸுக்கு ஏழு நிமிஷம்தான் இருந்தது. அவளே மாட்டிவிட்டுக் கிளம்பினாள். தெருமுனைவரை குழந்தையின் அழுகை கேட்டது.

ஒரு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் தலைவலி என்று பாதி நாளில் கிளம்பி மதியம் வீட்டுக்கு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். சமையலறைத் தரையில் பட்டாணித் தோலும் தண்ணீருமாகக் கிடந்தது. நடுவில் உருண்டை ஒரு பலகையில் வாழைப்பழத்தை வைத்துக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மின்னலின் கைக்கு யோசிக்க நேரம் தேவையில்லை. கத்தியைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்கிய பிறகுதான் அது வெண்ணெய் தடவுகிற, கூர் இல்லாத கத்தி என்று தெரிந்தது. அதற்குள் உருண்டை தரையில் விழுந்து புரண்டு வீட்டை இரண்டாக்கிவிட்டாள்.

அவள் தூங்கியபின் இவர்கள் இருவருக்கும் சண்டை மூண்டது. நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற தனக்கு, இந்த வீட்டைத் துடைத்து முடிக்கவே பொழுது போதவில்லை என்றாள் மின்னல். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவருக்கு அது எங்கே தெரியப் போகிறது என்று ஒரு வார்த்தையைக் கூடுதலாக விட்டாள்.

லிஃப்ட்காரர் கோபப்படுகிறவர் அல்ல. அன்று முகம் சிவந்துவிட்டது.

"வேடிக்கையா? நீயும் ஒருநாள் உக்காந்து பாரு. அவ தப்பா வைக்கிறது தெரியும், கை நீட்டினா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்னும் தெரியும். நீட்டாம இருக்கணும். லிஃப்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டப்பகூட நான் இவ்வளவு பல்லைக் கடிச்சதில்ல." சற்று நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னார்: "உன் கை ரொம்ப வேகம்மா. அவ கை கிளம்புறதுக்குள்ள உன்னது போய்ச் சேந்துடுது."

ஊரே புகழ்கிற கையை ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் அவளுக்கு வார விடுமுறை. காலையில் வேலையெல்லாம் முடித்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கணவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உருண்டைமுன் ஒரு கிண்ணத்தில், வேகவைத்து ஆறவைத்த முட்டை இருந்தது.

உருண்டை முட்டையை எடுத்துத் தரையில் தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள். அது நழுவி உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. மின்னல் பாதி எழுந்துவிட்டாள். லிஃப்ட்காரர் அவள் பக்கம் திரும்பவில்லை, அவள் முழங்காலில் விரலை மட்டும் வைத்தார். உட்கார்ந்தாள். உருண்டை குப்புறப் படுத்து, கையை விட்டுத் துழாவி, தூசியோடு முட்டையை வெளியே எடுத்து, ஆணியிலிருந்த ஈரத்துணியால் துடைத்தாள். யாரும் சொல்லவில்லை.

மறுபடி தட்டினாள். இந்த முறை சின்னதாக ஒரு விரிசல். லிஃப்ட்காரரின் மூச்சு கேட்டது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. குழந்தையின் கை வேலை செய்யும்போது அவர் பேசுவதே இல்லை என்பதை மின்னல் அப்போதுதான் கவனித்தாள். நகத்தால் கீறினாள் உருண்டை. கடுகளவு ஓடு வந்தது. அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். இன்னொரு கடுகளவு. அதையும் போட்டாள். இந்த வேகத்தில் போனால் அந்த முட்டைக்கு ஒரு ஆயுசு போதாது என்று மின்னலின் விரல்கள் அக்குளுக்கடியில் துடித்தன. கடிகாரத்தைப் பார்த்தாள், ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். உருண்டை முட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கண்கள் எங்கோ சுவரில் நின்றிருந்தன. கட்டைவிரல் மட்டும் ஓட்டின்மேல் மெல்ல ஊர்ந்து, நின்று, திரும்பி, மறுபடி ஊர்ந்தது. ஓட்டுக்கு அடியில் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறதே, அதன் விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த ஊர்தல் மின்னலுக்குத் தெரியும். பருத்த கைகளில், வயதான கைகளில், கண்ணுக்குத் தெரியாத நரம்பை அவள் விரல் அப்படித்தான் தேடும். அந்தச் சமயத்தில் அவளும் சுவரைத்தான் பார்ப்பாள். அந்த விரல் ஒரே நாளில் வந்ததல்ல. பயிற்சிக் காலத்தில் எத்தனை பேருடைய கை நீலம் பாரித்தது, எத்தனை பேர் திட்டினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மறந்தே போயிருந்தது.

கட்டைவிரல் நின்றது. தோலுக்கடியில் நுழைந்தது. ஓடு ஒரு பெரிய சில்லாக, தோலோடு சேர்ந்து பெயர்ந்து வந்தது. உருண்டை அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு கடகடவென்று உரித்தாள். இரண்டு இடத்தில் வெள்ளைக்கருவும் சேர்ந்து வந்தது, அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மொத்தம் பத்தொன்பது நிமிஷம். பள்ளமும் மேடுமாக நின்ற அந்த முட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அம்மா, முட்டை உரிச்சேன்" என்றாள்.

மூன்று சொற்கள். மூன்றும் ஒன்றாகக் கோத்து வந்தன. அப்போதுதான் லிஃப்ட்காரர் பேசினார்: ஆமாம், ஓடு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, உள்ளே தோல் இருந்துச்சு, அதைப் புடிச்சு இழுத்தே, வந்துடுச்சு என்று நடந்ததை மட்டும், ஒவ்வொரு சொல்லாக எடுத்து அவளிடம் கொடுத்தார். உருண்டை அதில் தனக்குப் பிடித்த தோல், இழுத்தேன் இரண்டையும் வாங்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மின்னல் முட்டையைக் கடித்தாள். அதில் கொஞ்சம் ஓடும் இருந்தது, மென்று விழுங்கினாள். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. ஒரு நாளில் இப்படி எத்தனை தடவை, இந்த மாதம் முழுக்க எத்தனை தடவை என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிப் பாதியில் நின்றது. லிஃப்டைத் தவிர வேறெதிலும் அக்கறை இல்லாதவர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஊன்றுகோலுக்கு அடியில் உருண்டு கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

"யாரு சொல்லிக் குடுக்கணும்? என்னால எந்திரிக்க முடியல. எந்திரிக்க முடிஞ்சிருந்தா நானும் உரிச்சுதான் குடுத்திருப்பேன்" என்றார் அவர்.

கட்டுப் பிரித்த பிறகு டாக்டரைப் பார்க்கப் போனார்கள். உருண்டை ஒன்பது கட்டைகளை அடுக்கினாள். பத்தாவது விழுந்ததும் கொட்டிச்சு என்று சொல்லித் தானே பொறுக்கினாள். ஈர மணலில் கையை மணிக்கட்டுவரை புதைத்துவிட்டு எடுக்க மறுத்தாள். பென்சிலை மட்டும் இன்னும் முஷ்டியால்தான் பிடித்தாள். பேச்சும் அவள் வயதுக்குக் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது, அவசரமில்லை, இப்படியே போகட்டும், மறுபடி மூன்று மாதத்தில் வாருங்கள் என்றார் டாக்டர். யாரிடமாவது பயிற்சிக்குப் போனீர்களா என்று அவர் கேட்டதற்கு, மின்னல் ஊன்றுகோலோடு நின்ற கணவரைக் காட்டினாள். லிஃப்ட்காரர் பாட்டிலைக் கேட்டதையும் செருப்பு வந்ததையும் அவள் சொல்லச் சொல்ல, டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்து லிஃப்ட்காரரிடம் கை கொடுத்தார்.

ஏணி ஏறும் வேலை இன்னும் ஆறு மாதத்துக்குக் கூடாது என்று ஆனதால், லிஃப்ட்காரருக்குப் பட்டறையிலேயே உட்கார்ந்து செய்யும் வேலை, காலை நேரத்தில் கொடுத்தார்கள். மின்னல் தன் வேலையை மதிய நேரத்துக்கு மாற்றிக் கேட்டு வாங்கினாள். மதியம் பன்னிரண்டரைக்கு உருண்டையைப் பட்டறையில் அப்பாவிடம் விட்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆக, காலைப்பொழுது முழுக்க உருண்டை அவள் பொறுப்பு.

முதல் வாரம் அவளைவிட அவள் கைகள்தான் அதிகம் தவித்தன. உருண்டை பால் ஊற்றும்போது பிடரியில் விரல்களைக் கோத்துக்கொண்டு நிற்பாள். பொத்தான் போடும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான்கு தடவை தோற்று, தானே போட்டுவிட்டு, குழந்தையிடம் திட்டும் வாங்கினாள். ஆனால் நாள் போகப்போக, கணவர் கண்டதையெல்லாம் அவளும் காண ஆரம்பித்தாள். காலுறைக்கு ஜோடி தேடும்போது உருண்டை நிறத்தைப் பார்ப்பதில்லை, துணியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறாள் என்று ஒருநாள் கண்டுபிடித்து, பட்டறைக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவருக்கு அது தெரியாமல் இருந்தது. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒருநாள் கிளம்பும் நேரம். வாசற்படியில் உட்கார்ந்து உருண்டை புதுச் செருப்பின் வாரை வளையத்துக்குள் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். வார் நுழைவதும் வெளியே வருவதுமாக இருந்தது. தெருமுனையில் பஸ் வந்து நின்றது. மின்னல் அதைப் பார்த்தாள், குனியவில்லை. பஸ் போயிற்று. படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனை எடுத்து லேப் பொறுப்பாளரைக் கூப்பிட்டாள். வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று சொன்னதும், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தாமதமாக வராதவளாயிற்றே என்று அவர் பதறிவிட்டார்.

"என்னம்மா ஆச்சு, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம் சார். பொண்ணு செருப்பு மாட்டிட்டு இருக்கா."

எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டார். மின்னல் கீழே பார்த்தாள். உருண்டை நாக்கைத் துருத்திக்கொண்டு, வாரின் நுனியைக் கட்டைவிரலால் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கால் முடிஞ்சிடுச்சு சார்" என்றாள்.